மூன்று ஃபிளாப்பிகளுக்குப் போட்ட பாடு

எங்கள் அறைக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து ஏரிக்கு அக்கரைப் பசியாவரத்து இறால்காரம்மா கேட்டதெல்லாம் அது வந்திறங்கிய தெர்மோகோல் பெட்டியைத்தான். மூடியோடு கூடிய தடித்த வெள்ளைப் பெட்டி. ஐஸ் போட்டு இறால் கொண்டுபோக அதைவிட நல்ல பெட்டியைப் பழவேற்காட்டில் அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை. படகில் வந்து இறாலை விற்றுவிட்டுத் திரும்பும்போது மாடிப்படி ஏறி வருவார். ஈரக் காலோடு உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தோம். அதனால் வாசலிலேயே நின்று, "இன்னா நைனா, பொட்டி எப்போ?" என்பார். நாங்கள் ஏதாவது சாக்குச் சொல்வோம். மறுநாளும் வருவார்.

பெட்டியைக் கொடுக்காததற்குக் காரணம் இருந்தது. மெஷின் எங்களிடமே இருக்குமா, மெட்ராஸுக்குத் திரும்பிப் போகுமா என்பது முடிவாகவில்லை. திரும்பிப் போவதானால் அந்தப் பெட்டியில்தான் போகவேண்டும். அறையின் மூலையில் அது வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் புரோகிராமரின் முகம் சுருங்கும்.

காலத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் பின்பாதி, புரட்டாசி முடியும் தறுவாய். எங்கள் டைப்பிஸ்ட் இன்றும் அதை ஐப்பசி என்றுதான் சொல்கிறார். இல்லை. அந்த வாரம் முகத்துவாரத்தில் மணல் மேடு இன்னும் உடைந்திருக்கவில்லை. பெருமழை பிடித்து ஏரித் தண்ணீர் அந்த மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போனது அதற்கப்புறம்தான். நாள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மீனவர் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த அந்த மாடி அறை, ஊருக்குள் ஒரு பழைய வணிகக் குடும்பத்தின் வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பெண்தான் எங்கள் புரோகிராமர். தலைமுறை தலைமுறையாகக் கப்பல் சரக்கு பார்த்த முஸ்லிம் குடும்பம். அவர் மெட்ராஸில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊருக்கே திரும்பியிருந்தார். எந்தப் படகு, எந்த வலை, ஏரியின் எந்த இடம், எந்தக் காற்று, என்ன மீன் என்று நாள்தோறும் பதிந்து வைக்கும் ஒரு புரோகிராமை அவர் எழுதியிருந்தார். வேலையைக் கொடுத்தது மெட்ராஸில் இருந்த ஓர் ஆராய்ச்சி அலுவலகம். மீன் இங்கே இருக்கிறது, மீன் பிடிப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள், மெஷின் மட்டும் ஏன் அங்கே இருக்கவேண்டும் என்று கேட்டுக் கேட்டுத்தான் அவர் அதை இங்கே கொண்டுவந்திருந்தார். மெஷின் போனால் அவருடைய வேலையும் அதோடு மெட்ராஸுக்குப் போகும். பின்னாலேயே போய் விடுதியில் தங்குவதா, வேலையை விடுவதா என்பதுதான் மிஞ்சும்.

புரோகிராமில் யாரும் குறை சொல்லவில்லை. கையேட்டில்தான் வந்தது வினை.

கடற்கரை நெடுகிலும் இருந்த மற்ற நிலையங்களுக்கும் இந்தப் புரோகிராம் போகவேண்டும். ஆளுக்கொரு பாஷை பேசும் அதிகாரிகள். எனவே கையேடு ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்று உத்தரவு. எழுதியது நான். சங்கத்தில் எழுத்து வேலை எனக்குத்தான். பொன்னேரி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து வளர்ந்த ஆங்கிலம் என்னுடையது. வாக்கியம் கம்பீரமாக வரும். ஸ்பெல்லிங் பல இடங்களில் கைகொடுக்காது. அதை மெஷினில் அடித்தவர் ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் டைப்பிஸ்ட். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், விரலில் மின்னல். நான் செய்த பிழைகளோடு அவருடைய விரல்கள் செய்தவையும் சேர்ந்துகொண்டன. மெட்ராஸுக்குப் போன முதல் பிரதி பக்கமெல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

கூடவே ஆராய்ச்சி அலுவலகத்து அதிகாரியின் குறிப்பும் ஒரு ஃபிளாப்பியும் இருந்தன. தீபாவளிக்கு முன்னால் தானே நேரில் வருவதாகவும், கையேடு அப்போதும் இப்படியே இருந்தால் மெஷினையும் வேலையையும் மெட்ராஸுக்கே எடுத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். எழுத்துப் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் புரோகிராம்கள் இப்போது கிடைக்கின்றன, ஒன்றை அனுப்பியிருக்கிறேன், இதுவோ வேறொன்றோ, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திட்டத்துக்கு நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார்.

பிழையைத் தானே கண்டுபிடிக்கும் புரோகிராம். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அகராதியைப் புரட்டிப் புரட்டி விரல்நுனி தேய்ந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். டைப்பிஸ்டோ நம்பவில்லை. "நம்ம தப்பு அதுக்கு எப்படிண்ணா தெரியும்? நமக்கே தெரில" என்றார்.

இரண்டொரு நாளில் எங்களிடம் மூன்று ஃபிளாப்பிகள் சேர்ந்துவிட்டன. அதிகாரி அனுப்பியது முதலாவது. விலை அதிகம், வேகமும் அதிகம். இரண்டாவது, நாங்கள் கையேடு அடித்த எழுத்துப் புரோகிராமோடு இலவசமாக வந்து, உறை பிரிக்காமல் கிடந்தது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இது சரிதானா என்று கேட்கும். மூன்றாவதை எங்கள் புரோகிராமரோடு படித்த ஒருத்தி பொழுதுபோக்காக எழுதியிருந்தாள். பளபளப்பான திரை எதுவும் கிடையாது. ஒரு கட்டளை அடித்தால் ஓடும், நின்றுவிடும்.

மூன்று ஃபிளாப்பிக்கும் மூன்று வக்கீல்கள் கிளம்பினோம். வேகம்தான் முக்கியம் என்று டைப்பிஸ்ட் அதிகாரியுடையதைப் பிடித்துக்கொண்டார். கேட்டுக் கேட்டுச் செய்வதுதான் மரியாதை என்று நான் இரண்டாவதற்காகப் பேசினேன். புரோகிராமர் தன் தோழியுடையதை விடவில்லை. ஒரு காலைப் பொழுது முழுக்க வாக்குவாதம். டீ ஆறிப்போனது. யாரும் மெஷினைத் தொடவே இல்லை. கடைசியில் புரோகிராமர் கையை விரித்து, "இப்படியே பேசிட்டிருந்தா மெஷின எடுத்துட்டுப் போக வேன் வந்து நிக்கும் அண்ணே. எதையாவது ஒண்ணச் சொல்லுங்க" என்றார்.

"பாடு போட்டுடலாம்" என்றேன்.

நான் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்துப் பக்கம் சுத்து வலை கட்டினால் இறால் கொழிக்கும். மேற்கே சேற்றுப் பக்கம் கட்டினால் நண்டும் பாசியும்தான். நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல் இருக்க, ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சீட்டுப் போடுவார்கள். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை சுற்றிவரும். அதற்குப் பெயர்தான் பாடு. சீட்டு விழுந்தபிறகு எவரும் முனகமாட்டார்கள்.

ஃபிளாப்பிக்குப் பாடா என்று டைப்பிஸ்ட் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே காலி ரிப்பன் டப்பாவைத் துடைத்து எடுத்து வந்ததும் அவர்தான். கையேட்டில் மூன்று அத்தியாயங்கள் இருந்தன. மெஷினைப் போடுவது, அணைப்பது பற்றியது ஒன்று. வலை, மீன், காற்று, இடம் ஆகியவற்றின் பெயர்களை ஆங்கில எழுத்தில் கொடுத்து விளக்குவது இரண்டாவது. கட்டளைகளும் அச்சடிக்கும் முறையும் மூன்றாவது. மூன்று இடம், மூன்று வலை, மூன்று நாள். காலண்டர் தாளின் பின்புறத்தில் கட்டம் கிழித்தேன். டப்பாவைக் குலுக்கினோம். பழக்க தோஷத்தால் மூன்று நாளுக்கும் முறை மாற்றி எழுதி, தாளைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பாடு தொடங்கியது. முதல் அத்தியாயம் அதிகாரியின் ஃபிளாப்பிக்கு விழுந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மூவரும் பச்சைத் திரைமுன் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். டைப்பிஸ்ட் அதில் ஒரு வசதியைக் கண்டுபிடித்திருந்தார்: எதையும் கேட்காமல், தனக்குச் சரியென்று பட்டதைத் தானே போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். ஓடவிட்டார். திரையில் வரிகள் மேலே மேலே ஏறின. நான் தடுமாறி எழுதியிருந்த சொற்கள் என் கண்முன்னாலேயே நிமிர்ந்து நின்றன. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. அத்தியாயம் முடிந்துபோனபோது நாங்கள் வாயைக்கூட மூடியிருக்கவில்லை.

என்னுடைய ஃபிளாப்பிக்கு வலை அத்தியாயம். அது ஒவ்வொரு வலையிலும் நின்றது, ஒவ்வொரு மீனிலும் நின்றது. சுத்து வலை சரியா? மடவை சரியா? கொடுவா சரியா? ஆம் ஆம் என்று தட்டித் தட்டி என் விரல் ஓய்ந்தது. புரோகிராமருடையதற்குக் கட்டளை அத்தியாயம். அது சத்தமில்லாமல் ஓடி, தனக்குத் தெரியாத சொற்களைத் தனிக் கோப்பில் போட்டுவிட்டு நின்றுவிட்டது. கையேட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

"இத நாங்கதான் திருத்தணும்னா அது எதுக்கு மேடம்?" என்று டைப்பிஸ்ட் கேட்டார்.

சாயந்திரம் மூவருமே ஒத்துக்கொண்டோம், அதிகாரியுடையதுதான் வென்றது என்று. டைப்பிஸ்ட் செலவில் வடை வந்தது. காலையில் நான் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுச் செய்தியைச் சொல்லிவிடுவது, பிறகு அதே ஃபிளாப்பியில் மொத்தக் கையேட்டையும் ஓட்டி அச்சடித்துவிடுவது என்று தீர்மானமானது.

புதன்கிழமை காலை கரையோரமாக நடந்து போனேன். படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. முந்தின நாள் முகத்துவாரத்தில் கட்டி, கூடை கூடையாக இறால் கொண்டுவந்த குழு அன்றைக்குச் சேற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நேற்று சேற்றில் கிடந்தவர்கள் முகத்துவாரத்துக்குப் போனார்கள். என் சித்தப்பா சேற்றுப் பக்கம் போகும் படகில் இருந்தார். நேற்றைய இறாலுக்காக யாரோ அவரைப் பாராட்டியிருக்கவேண்டும். "அட போப்பா, மொகத்துவாரத்துல கட்டுனா யார் வலையிலதான் வுழாது?" என்று சொல்லிக்கொண்டே கழியை ஊன்றினார்.

எனக்கு நடை நின்றது.

முதல் அத்தியாயம் முகத்துவாரம் அல்லவா? சாதாரண ஆங்கிலம். அங்கே எந்த வலை போட்டாலும் பிழை கொழிக்கும். ஒரு நாள் முறையை வைத்து வலையின் தரத்தைச் சொல்பவன் ஏரியில் கிடையாது. சுற்று முடிந்தால்தான் தெரியும். நாங்களோ ஆளுக்கொரு இடத்தில் ஒரு நாள் வலை போட்டுவிட்டு மீனை எடை பார்த்திருக்கிறோம். பாடு என்றால் என்ன என்று பால்குடியிலிருந்து தெரிந்த நானும் சேர்ந்து வடை தின்றிருக்கிறேன். டிரங்க் கால் போடாமல் திரும்பி ஓடினேன். மணலில் ஒரு செருப்பு கழன்றதைக்கூடப் பிறகுதான் கவனித்தேன்.

மாடி ஏறிய மூச்சோடு சுவரில் இருந்த தாளைக் காட்டினேன். புதன்கிழமைக் கட்டத்தில் அதிகாரியின் ஃபிளாப்பிக்கு எதிரே வலை அத்தியாயம் என்று நானே எழுதியிருந்தேன். புரோகிராமர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணே, கால் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். முதல்முறையாக அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

டைப்பிஸ்டுக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் நேற்றைய வெற்றி வீரனாயிற்றே, தைரியமாக ஓடவிட்டார். அதே வேகம். அதே போல் வரிகள் ஏறின. முடிந்ததும் பிரிண்டரில் எடுத்து, நான் சத்தமாகப் படித்தேன். ஆங்கில எழுத்தில் நாங்கள் கொடுத்த valai எல்லாம் valley ஆகி, எங்கள் வலைகள் பள்ளத்தாக்குகளாகியிருந்தன. ஏரியில் ஓர் இறால் மிச்சமில்லை. மடவை ஒரு பெண்மணியாகவும், வாடைக் காற்று ஏதோ ஒரு வகை நடையாகவும் மாறியிருந்தன. முழு அத்தியாயத்திலும் எழுத்துப் பிழை என்று ஒன்றுகூட இல்லை, ஏரியும் இல்லை. புரோகிராமர் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். "சங்கத்து ஆளுங்க இத பாத்தாங்கன்னா என்ன வெரட்டியே வுட்டுடுவாங்க" என்று சொல்லி டைப்பிஸ்டும் சிரித்துவிட்டார். அப்புறம் மூவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு அடங்கியது. அதிகாரியின் மேஜைக்கு இது போயிருக்கும்.

என்னுடையது அன்றைக்குக் கட்டளை அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டது. எங்கள் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஏற்றுக்கொண்டே வந்து, நடுவழியில் இனி இடமில்லை என்று அறிவித்துவிட்டது. மேற்கொண்டு ஒரு சொல்லைக்கூட அதன் தலையில் ஏற்ற முடியவில்லை. மரியாதையெல்லாம் சரிதான், ஞாபகசக்தி போதாது. புரோகிராமருடையது முதல் அத்தியாயத்தில் நிதானமாக ஓடி, பிழைகளைத் தனியே எடுத்துக் கொடுத்தது. வேகத்தில் பின்தங்கியதுதான், ஆனால் விட்டது எதுவுமில்லை. இப்போது பாடு முறையின் கண்டிப்பான காவலர் டைப்பிஸ்ட்தான். "நாளைக்கு உங்குளுது வலையில எறங்குது மேடம். அப்போ பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

வியாழக்கிழமை. வலை அத்தியாயத்தில் அந்தச் சின்ன ஃபிளாப்பி இறங்கியது. ஓடி நின்றது. தெரியாத சொற்களை, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை மட்டும், அகர வரிசையில் கொடுத்தது. அதில் என் பிழைகளும் இருந்தன, எங்கள் ஏரியும் இருந்தது. "எது உங்களுது, எது தப்பு, சொல்லுங்க அண்ணே" என்று புரோகிராமர் கேட்டார். நான் படிக்கப் படிக்க, எங்களுடையதையெல்லாம் திட்டத்துக்கென்று வேறொரு கோப்பில் அவர் அடித்துவைத்தார். மடவை எங்களுடையது. கொடுவா எங்களுடையது. வாடைக் காற்று, கச்சான் காற்று எங்களுடையவை. கட்டளைப் பெயர்களும் அதில் ஏறின. பிறகு மறுபடி ஓடவிட்டார்.

திரையில் வந்தவை அத்தனையும் பிழை. பிழை மட்டும். என் அப்பா தினமும் சொல்லும் எந்தச் சொல்லையும் அது இப்போது தப்பு என்று சொல்லவில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். மீனைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுவது வலையின் வேலை, தரம் பிரிப்பது நம் வேலை; வலையே தரம் பிரித்தால் அது வலையில்லை என்று ஏதேதோ பேசினேன். டைப்பிஸ்ட் எழுந்துபோய், சுவரில் இருந்த தாளில் மூன்றாவது ஃபிளாப்பியின் பெயரைச் சுற்றிக் கோடு போட்டார். பாடு போட்டுத் தோற்றவன் முனகக்கூடாது என்பதை எங்கள் ஆட்களைவிட அவர் நன்றாகக் கற்றிருந்தார்.

அடுத்த சில நாட்கள் எங்களுக்குத் திருவிழா. கையேட்டை அச்சுக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் முதலில் அந்தச் சின்ன ஃபிளாப்பி ஓடவேண்டும் என்று புரோகிராமர் கட்டளையை எழுதிவைத்தார். நான் வேண்டுமென்றே தப்பாக எழுதி அது பிடிக்கிறதா என்று பார்ப்பேன். பிடிக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சந்தோஷப்படுவேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அதிகாரி வந்தார், வேனோடு. திருப்பாலைவனம் வழியாக வந்த வேன் வீட்டெதிரே நின்றதும் புரோகிராமர் ஜன்னலைவிட்டு நகர்ந்துவிட்டார். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நேராக வலை அத்தியாயத்தைப் புரட்டினார். முதல் பிரதியில் அதிகமாகச் சிவந்தது அதுதான். வெகுநேரம் படித்தார். பிறகு, தான் அனுப்பிய ஃபிளாப்பியைப் போடவில்லையா என்று கேட்டார். புரோகிராமர் அந்தப் புதன்கிழமைத் தாளை எடுத்து நீட்டினார். பள்ளத்தாக்குகளைக் கண்டதும் அதிகாரியின் மீசை அசைந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு நான் ஒரு பக்கம் அடிக்கிறேன். அதுல உங்க ஃபிளாப்பிய ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

அவரே உட்கார்ந்து அடித்தார். நல்ல சொல், கெட்ட சொல், எங்கள் மீன், எங்கள் காற்று எல்லாவற்றையும் கலந்து அடித்தார். சேமித்துவிட்டு எழுந்தார். புரோகிராமர் கட்டளையை அடிக்கக் கையை வைத்தபோது கரண்ட் போய்விட்டது.

விசிறி நின்றது. திரை கறுத்தது. இறால்காரம்மா வரும் நேரம் அது, வந்தார். வாசலில் நின்று புது ஆளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொட்டி உங்குளுதா சார்?" என்று கேட்டார்.

அதிகாரிக்குப் புரியவில்லை. நான் மூலையில் இருந்த தெர்மோகோல் பெட்டியைக் காட்டி விளக்கினேன். மெஷின் திரும்பிப் போவதாக இருந்தால் பெட்டி வேண்டும், அதனால் கொடுக்கவில்லை என்றேன். அதைச் சொன்னபிறகுதான் புரோகிராமரின் முன்னால் சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ நாளு அது சும்மாதான் குந்திக்கினு கீது. நான் கேட்டா மட்டும் மெஷினுக்கு வேணும்ன்றாங்கோ" என்றார் அந்த அம்மா அதிகாரியிடம். அதிகாரி, "கரண்ட் வரட்டும்மா, சொல்றேன்" என்றார்.

வந்தது. மெஷின் முனகி எழுந்தது. அதிகாரி அடித்த பக்கம் ஃபிளாப்பியில் பத்திரமாக இருந்தது. புரோகிராமர் கட்டளையை அடித்தார். பிரிண்டர் கிறீச்சிட்டது. பிழைப் பட்டியல் வந்த தாளை அதிகாரி கிழித்து எடுத்து, தன் மனதில் இருந்ததோடு ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தார். அவர் வேண்டுமென்றே செய்த பிழைகள் அத்தனையும் இருந்தன. அவர் அறியாமல் செய்த ஒன்றும் இருந்தது. அதில் விரல் கொஞ்சம் தங்கியது. ஆனால் ஒரு மீன் இல்லை, ஒரு வலை இல்லை, ஒரு காற்று இல்லை.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சுவரில் இருந்த பாடு முறைக் கட்டத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கி, முகத்துவாரம், சேறு, சித்தப்பா என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கடைசிவரை கேட்டார். மற்ற நிலையங்களில் எதை வாங்குவதானாலும் இதே போல் முறை போட்டுத்தான் பார்க்கச் சொல்லப்போவதாகச் சொன்னார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"உள்ள வந்து எடுத்துக்கோம்மா. இனிமே அது இங்க எதுக்கு?"

புரோகிராமர் சட்டென்று எழுந்து, பெட்டியைத் தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். இறால்காரம்மா மூடியைத் தட்டிப் பார்த்தார், உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார், தலையில் வைத்துக்கொண்டார். படி இறங்கும்போது டைப்பிஸ்ட் மேலிருந்து, மெஷினுக்கு மறுபடி வேண்டுமென்றால் என்ன செய்வது என்று வம்புக்குக் கேட்டார்.

"எறா வாட வரும் நைனா, பரவால்லியா?" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னலிலிருந்து பார்த்தோம். படகு பசியாவரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் நடுவில் எங்கள் வெள்ளைப் பெட்டி வெகுதூரம்வரை தெரிந்தது. கீழே வேன் காலியாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. புரோகிராமர் ஏற்கெனவே நாற்காலிக்குத் திரும்பியிருந்தார். அதிகாரி அறியாமல் செய்த பிழை என்னவென்று பார்க்கலாமா என்று எங்களைக் கேட்டார். மூவரும் ஓடிப்போய்த் திரைமுன் உட்கார்ந்தோம்.